ஜெபஸ்டின் தனியாகப் பார்த்துவந்த கட்டடம்

நித்யா மேரிக்குப் பங்குச்சந்தையைப் பற்றி முதலில் சொல்லிக்கொடுத்தவன் அவள் புருஷன் ஜெபஸ்டின்தான். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும், எதைப் படிக்காமல் புரட்டிவிடலாம் என்றெல்லாம் கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார்த்திவைத்துக் காட்டினான். "என் பொண்டாட்டிக்கும் மார்க்கெட் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தான். அப்புறம் ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

அவன் கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அவள் சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். தினமும் கடலூரிலிருந்து ரயிலில் போய் வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஜெபஸ்டினுக்கு ஒரு சபை உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையரான சூசைமாணிக்கம் வருவார். ஆலையில் அவனோடு வேலை செய்யும் அருண்பாண்டியன் மாதாகோயிலுக்குள் வரமாட்டான், ஆனால் பூசை முடியும் நேரம் பார்த்து டீக்கடைக்கு வந்துவிடுவான். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இருவரும் ஜெபஸ்டினைத்தான் கேட்பார்கள். ஆலையில் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் அந்த ஒரு மணி நேரம் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருஷம் பேச்சு ஆபீஸ் கட்டடக் கம்பெனிகள் பக்கம் திரும்பியது. பெரிய கட்டடங்களைக் கட்டி, ஐ.டி. கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் பங்குதாரர்களுக்கும் ஒரு பகுதி கொடுக்கிற கம்பெனிகள். ஆரம்பித்துவைத்தவர் சூசைமாணிக்கம்தான். சொந்த வீட்டு மாடியை வாடகைக்கு விட்டுக் குடியிருப்பவனோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர் அவர். வாடகை வர வேண்டும், வாடகைக்காரன் முகத்தைப் பார்க்கக் கூடாது, அதற்கு இதுதான் வழி என்றார்.

இரண்டு கம்பெனிகள் பேச்சில் அடிபட்டன. வைகறை என்பது ஒன்று. அதன் கட்டடங்களில் ஒரு மாடிகூடக் காலியில்லை, பங்கு விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறிக் கிடந்தது. இன்னொன்று நீலமணி. அதற்குச் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். பாதி மாடிகளை எடுத்திருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி காலிசெய்துகொண்டு போனதிலிருந்து பங்கு படுத்துவிட்டது. கட்டடத்தின் மதிப்பில் பாதிக்குக்கூடப் பங்கு போகவில்லை.

ஜெபஸ்டின் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குப் போகிற நித்யா மேரி அன்றைக்கு டீக்கடையில் வந்து ஒதுங்கினாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மிச்சம் இருக்கிறவர்களின் குத்தகை எப்போது முடிகிறது என்று சாதாரணமாகக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஜெபஸ்டினுக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் படித்திருக்கிறாள். அடுத்த வருஷமே பெரும்பாலானவர்களின் குத்தகை முடிகிறது, அவர்களும் கிளம்பினால் கடனுக்கு வட்டி கட்டவே கம்பெனி திணறும், நீலமணி வேண்டாம் என்றாள்.

சூசைமாணிக்கம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் திரும்பியது ஜெபஸ்டினுக்கு உறைத்தது.

அடுத்த வாரம் அருண்பாண்டியன் வந்ததும், "தங்கச்சி வரலையா மச்சான்?" என்றுதான் கேட்டான். அதற்கடுத்த வாரம் அவளுக்கும் சேர்த்து டீ சொல்லிவைத்திருந்தார்கள். கேள்விகள் ஜெபஸ்டினைத் தாண்டி அவளிடம் போயின. அவன் ஏதாவது சொன்னால், "நித்யா என்னம்மா சொல்ற?" என்று சூசைமாணிக்கம் அவளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அவள் ஒருபோதும் அவனை மட்டம்தட்டிப் பேசவில்லை. "இவர் சொல்றது சரிதான் மாமா" என்றே ஆரம்பிப்பாள். அந்தச் சலுகைதான் அவனுக்கு அதிகம் எரிந்தது.

வீட்டில் சின்னச் சின்ன விஷயங்களுக்கு அவன் முகம் சுளிக்க ஆரம்பித்தான். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றான். ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டான். ஸ்டோர்ஸில் சரக்கு இறங்காத நேரத்தில் போனை வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடினான். எதை எடுத்தாலும் அவள் அதை ஏற்கனவே படித்திருந்தாள்.

அப்போதுதான் அவள் ஒரு ஆசையைச் சொன்னாள். ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பேருமாகச் சென்னைக்குப் போய் அந்தக் கட்டடங்களை நேரில் பார்த்துவிட்டு, அப்படியே கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேளாங்கண்ணியைத் தவிர அவர்கள் சேர்ந்து போன ஊர் இல்லை. ஆலையில் ஆடிட் நடக்கிறது, நகர முடியாது என்று ஜெபஸ்டின் சொல்லிவிட்டான்.

ஆடிட் எதுவும் நடக்கவில்லை. அந்த வாரமே ஒரு நாள், அவள் சிதம்பரத்துக்கு ரயில் ஏறிய பிறகு, அவன் சென்னை பஸ்ஸில் ஏறினான். நீலமணி கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றான். காலி மாடிகள் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் ஆட்கள் நடமாடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பின்பக்க வாசலில் லாரியிலிருந்து தடுப்புப் பலகைகளும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகளும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ பெரிய ஆள் குடிவருகிறான். அங்கேயே நின்றுகொண்டு போனிலேயே, இருந்த சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு நீலமணி பங்குகளை வாங்கினான். வாங்கும்போது அவன் மனதில் லாபம் இல்லை. வேண்டாம் என்று அவள் சொன்னது தப்பாகிப்போக வேண்டும், அவ்வளவுதான் இருந்தது.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது. ஒரு வெளிநாட்டு வங்கி காலி மாடிகள் முழுவதையும் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துவிட்டது. நீலமணி ஏற ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்றே ஜெபஸ்டினுக்குத் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்ததும், தான் முன்னாலேயே வாங்கிவைத்திருப்பதைச் சொன்னான். எவ்வளவு என்றும் சொன்னான். அருண்பாண்டியன் எழுந்து கைகொடுத்தான். சூசைமாணிக்கம், நித்யா பேச்சைக் கேட்டுத் தான் விட்டுவிட்டதாக முனகினார்.

ஜெபஸ்டின் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒரு சுருக்கமாவது தெரியும் என்று காத்திருந்தான். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "எனக்குத் தெரியலைங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"நேர்ல போய்ப் பாத்தேன்" என்றான்.

சிரிப்பு அப்போதுதான் அவள் முகத்திலிருந்து போனது. டீயைக் குடித்து முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "எப்ப போனீங்க?" என்றாள். அவன் சொன்னான்.

"வாங்கினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. நான் கணிச்சது தப்பு, நீங்க கணிச்சது சரி. ஆனா கூட வரேன்னு கேட்டேன் இல்ல?" அவள் குரல் உயரவில்லை. "நாலு பேர் மத்தியில நான் அதைத் தெரிஞ்சுக்கணுமா?"

அவன் நடையை எட்டிப் போட்டான்.

அதற்குப் பிறகு அவள் டீக்கடைக்கு வரவில்லை. சபை பழையபடி அவனுடையதாயிற்று. கேள்விகள் அவனிடம் வந்தன, அவனும் பதில் சொன்னான். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் இருந்தால் இந்த இடத்தில் ஒன்று கேட்டிருப்பாளே என்று தோன்றும், பேச்சு தடுமாறும். நீலமணியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று அருண்பாண்டியன் கேட்டபோது, பார்க்கலாம் என்று மழுப்பினான். அவனுக்கே தெரியவில்லை.

அவளோ சனிக்கிழமைகளில் தாமதமாக வர ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கும் தமிழ்ச்செல்வியும் அவள் சிநேகிதி கயல்விழியும் இவளும் சேர்ந்து, அரைநாள் வேலை முடிந்ததும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறார்களாம். ஒளிக்காமல்தான் சொன்னாள். ஒரு நாள் போனில், "அது என் தப்புதான் தமிழ். கட்டடம் காலியா இருக்கிறதைப் பாத்தேன், அந்த ரோட்டுல வேற எங்கயும் இடமே இல்லைங்கிறதைப் பாக்கலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. தோற்றதைக்கூட இப்படிச் சிரித்துப் பேச அவளுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ஜெயித்தவன் தனியாகச் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முகம்கூடத் தெரியாத அந்த இரண்டு பெண்கள்மேல் அவனுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் சிதம்பரத்துக்கு ரயிலேறினான். கீழ வீதியில் அவள் சொன்ன ஓட்டலைத் தேடிப் பிடித்தான். மூன்று பேரும் இட்லியையும் கொத்சையும் ஆறவிட்டுவிட்டு ஒரு போனை நடுவில் வைத்துக் குனிந்திருந்தார்கள். நித்யா மேரி நிமிர்ந்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டு, "இவர்தான் நீலமணி வாங்கினவர்" என்று அறிமுகம் செய்தாள். கயல்விழி மரியாதையாகச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். ஜெபஸ்டின் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

திரும்பும்போது ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பொறாமைல வாங்கினேன் நித்யா. லாபத்துக்கு இல்ல."

"தெரியும்."

"இப்பவும் இருக்கு. அங்க உக்காந்திருந்தப்பவும் இருந்துச்சு."

"இருக்கட்டும்" என்றாள். "எங்கிட்ட சொல்லிட்டு இருங்க. ஒளிச்சு வைக்காதீங்க."

ரயில் வந்தது. கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் உட்கார இடம் கிடைத்தது. அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச தூரம் போனதும், நீலமணியை விற்கலாமா வேண்டாமா என்று அவளிடம் கேட்டான். அவள் போனை எடுத்து, அவனுக்கும் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தாள்.