மூச்சு விடாத அமைச்சர்

வெளிநாட்டு மாநாட்டு மேடையில், "இனி எங்கள் தரப்பிலிருந்து கரியமிலவாயு வெளியே வராது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கியதிலிருந்து, சுற்றுச்சூழல் அமைச்சர் திருஞானம் மூச்சை உள்ளே இழுத்தாரே தவிர வெளியே விடவில்லை.

விமான நிலையத்துக்கு அழைக்கப்போன அவருடைய மனைவி குமுதவல்லி முதலில் கவனித்தது சட்டைப் பொத்தான்களைத்தான். மேலே இரண்டு காணாமல் போயிருந்தன. காரில் ஏறியதும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். மூச்சு விடாமல் பேச முடியாது என்பதால் வீட்டில் அன்றிலிருந்து பேச்சு அவள் பக்கம் மட்டும் இருந்தது. முன்பும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் முன்பு குறட்டையாவது இருந்தது.

மாசி பிறந்தபோது அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். பங்குனியில் நடக்கவே இல்லை. குமுதவல்லி துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு நுனியை அவர் இடுப்பிலும் மறு நுனியைக் கட்டில் காலிலும் கட்டினாள். கூரையை ஒட்டி அவர் மிதந்ததால் மின்விசிறியைப் போடுவதை நிறுத்தினாள். சாப்பாட்டு வேளையில் ஸ்டூலில் ஏறி நின்று ரசம் சாதத்தை ஊட்டினாள். விழுங்குவதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

பரிசோதிக்க வந்த டாக்டர் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "ஒண்ணு வெடிக்கணும், இல்லைன்னா பறக்கணும். ரெண்டுக்கும் மருந்து கிடையாது. முடிச்சை மட்டும் தினமும் பாருங்கம்மா" என்றார்.

கடலோரத்தில் புதிய அனல்மின் நிலையம் ஒன்று கட்டி முடித்துத் தயாராக இருந்தது. வாக்குக் கொடுத்த அமைச்சரே மூச்சு விடாதபோது அதன் புகைபோக்கி மட்டும் எப்படி விடலாம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். யாராலும் பதில் சொல்ல முடியாததால் அது அப்படியே நின்றது. அமைச்சர் வீட்டு வாசலில் இரண்டு கூட்டங்கள் வந்து உட்கார்ந்தன. அந்தக் கடலில் மீன் பிடிப்பவர்கள் "விடாதே! விடாதே!" என்று கத்தினார்கள். அந்த நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் "விடு! விடு!" என்று கத்தினார்கள். குமுதவல்லி இரண்டு கூட்டத்துக்கும் மோர் கொடுத்தாள். இரண்டாவது கூட்டத்தில் அவளுடைய தம்பி கதிரேசன் இருந்தான். மதியமானால் கொல்லைப்புறமாக உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கத்தப் போவான்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லேன். ஒரே ஒரு மூச்சுதானே? கல்யாணம் பேசி வச்சிருக்காங்க, வேலை இல்லாம எப்படிப் போய் நிப்பேன்?"

"அப்பளம் வேணுமா?" என்றாள் குமுதவல்லி.

நிலக்கரி வணிகர் சங்கத்தின் செயலாளர் தனபாலன் அடிக்கடி வந்தார். மிகவும் மரியாதையானவர். கட்சி அலுவலகத்தின் மாடிகளையும் லிஃப்டையும் சங்கம்தான் கட்டிக்கொடுத்திருந்தது. லிஃப்டில் ஏறும்போதெல்லாம் முதலமைச்சர் சங்கத்தை நினைத்துக்கொள்வார். தனபாலன் முதலில் மூக்குப்பொடி கொண்டுவந்தார். பிறகு ஒரு நகைச்சுவை நடிகரை அழைத்துவந்தார். நடிகர் மாலைவரை நடித்தார். வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அமைச்சர் கண்ணில் நீர் வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு மிதந்தார்.

அடுத்த முறை மாசிலாமணி என்பவரோடு தனபாலன் வந்தார். மலையடிவாரத்துக்காரர், மெலிந்த ஆள்.

"அண்ணி, அமைச்சருக்குப் பதிலா இவர் மூச்சை அடக்கிக்குவார். கணக்கு நேராயிடும். அண்ணன் தாராளமா விடலாம். உலகம் பூரா இப்ப இப்படித்தான் செய்யறாங்க."

மாசிலாமணியை முற்றத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் போனார். சற்று நேரம் கழித்துக் குமுதவல்லி கொல்லைப்பக்கம் போனபோது, வாழை மரத்துக்குப் பின்னால் நின்று மாசிலாமணி நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, விடறே?"

"விடலாம்மா. எனக்குப் பதிலா ஊர்ல என் மச்சினன் அடக்கிட்டிருக்கான்."

"அவன் அடக்கறானா?"

"அவன் எங்க அடக்கறான்! அவனும் ஒரு ஆள் வச்சிருக்கான்."

"அந்த ஆள் யாரு?"

மாசிலாமணி யோசித்தார். "அதான்மா தெரியல. நல்லா அடக்கறவர்னு சொன்னாங்க."

அவருக்கும் மோர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, குமுதவல்லி அறைக்குள் வந்தாள். ஸ்டூலில் ஏறிக் கணவரின் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. அவர் இழுத்து வைத்திருந்தது மார்கழிக் காற்று.

"பயமா இருக்குதாங்க?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"விட்டுடறீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். இத்தனை காலம் கொடிகளும் தோரணங்களுமாக அவர் எத்தனையோ வாக்குக் கொடுத்து அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றுக்கும் அவர் முகம் இப்படி இருந்ததில்லை. "சரி" என்று சொல்லி அவள் இறங்கினாள். கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

சித்திரையில் விவகாரம் சட்டமன்றத்துக்குப் போனது. அமைச்சர் நேரில் வரவேண்டும் என்று உத்தரவு. குமுதவல்லி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவரைத் தெருவழியாக அழைத்துப்போனாள். மின்கம்பிகள் வந்த இடங்களில் கதிரேசன் நீளக் கழியால் மாமாவை ஒதுக்கிவிட்டான். எதிர்த்தரப்பில் இருந்தாலும் மாமா மாமாதான்.

சட்டமன்றத்தில் வெயில் தாங்காமல் கூரைச் சாளரங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அமைச்சர் தம் இருக்கைக்கு மேலே மிதந்தார். குமுதவல்லி பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் தனபாலன் உட்கார்ந்திருந்தார். முதலமைச்சர் தீர்மானத்தைப் படித்தார்: "அமைச்சரை முன்னிட்டு, உடனே விட வேண்டும்."

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எதை விட வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லையே?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரிந்ததை எழுத வேண்டியதில்லை" என்றார் சபாநாயகர்.

வாக்கெடுப்பில் தீர்மானம் ஜெயித்தது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டி, "விடு! விடு!" என்றார்கள். சபாநாயகரும் மணியை அடித்து, "விடுங்கள்" என்றார். குமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். கன்னங்கள் உப்பி, கண் சிவந்து, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்குவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் மெதுவாகத் தலையசைத்தார்.

அவள் கயிற்றை விட்டாள்.

உள்ளங்கையில் கயிறு உரசிப் போனது எரிந்தது. அமைச்சர் நிதானமாக மேலே போனார். சாளரத்தில் வேட்டி ஒரு கணம் மாட்டியது. அவரே குனிந்து எடுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அவையின் குறிப்பெடுப்பவர் "விடப்பட்டது" என்று எழுதினார். தீர்மானம் நிறைவேறிவிட்டதால் அதன்மேல் மறுபடி பேச விதியில் இடமில்லை. மூச்சு வெளியே வராததால் அனல்மின் நிலையத்தைப் பற்ற வைக்கவும் இடமில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டுக் குமுதவல்லி அழுதாள். ஆனால் மாலையில் கடற்காற்று அடித்தபோது மொட்டைமாடிக்கு நேர் மேலே கயிறு தொங்கியது. அவள் அதில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டினாள். காலையில் கரைக்காற்று அவரைக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று. அலுவலக நேரம் ஏறக்குறைய அதேதான். மீனவர்கள் படகிலிருந்து அவருக்குக் கையசைத்தார்கள். உயரத்தில் காற்று மெல்லியது என்பதால் அவருக்கு இப்போது சிரமம் குறைவு என்று டாக்டர் சொன்னார்.

ஆடி முதல் மழை பெய்த மறுநாள் தனபாலன் வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"அண்ணி, அந்த நிலையத்துக்குன்னு இறக்கி, துறைமுகத்துல சும்மா கிடக்கிற நிலக்கரி துளிர் விட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"கிழக்குக் குவியல் முழுக்க. சுருள் சுருளா இலை. சங்கத்துல யாருக்கும் செடி பழக்கமில்லை."

"உச்சி வெயில்ல தண்ணி ஊத்தாதீங்க" என்றாள் குமுதவல்லி.

கதிரேசன் திங்கட்கிழமை அங்கே வேலைக்குச் சேர்ந்தான். தண்ணீர் ஊற்றுவதோடு, ஆடு மேயாமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு.