கர்னல் போட்ட பதவி அட்டவணை

சிலியில் ராணுவ ஆட்சி வந்த மூன்றாம் ஆண்டு, தெற்குக் கோடியிலிருந்த பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்து இறங்கிய லெப்டினன்ட் கர்னல் அன்செல்மோ உரெஹோலாவுக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. இங்கே யார் யாருக்கு சல்யூட் அடிப்பது?

ஒரு வாரம் கதவை அடைத்துக்கொண்டு அட்டவணை போட்டார். விரிவுரையாளர், லெப்டினன்ட். பேராசிரியர், கேப்டன். துறைத்தலைவர், மேஜர். தகைசால் பேராசிரியர், ஜெனரல். கடைசி வரியின் தாராளத்துக்குக் காரணம், அவர் கண்ட தகைசால் பேராசிரியர்கள் எல்லோரும் நடைக்கூடத்தில் படமாகத் தொங்கியதுதான். செத்தவர்களுக்குப் பதவி உயர்வு கொடுப்பதில் ராணுவம் என்றைக்கும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

அடுத்த உத்தரவு தாவரவியல் பேராசிரியர் ஒதிலியா பராவோனாவின் அறைக்கு வந்தது. அவர் நாற்பது வருடம் மழையில் நனைந்து சேர்த்த பதினோராயிரம் உலர்செடித் தாள்கள் திங்கட்கிழமை வெளியே. பூட்ஸ் பெட்டிகள் உள்ளே.

"செடிய எல்லாம் எங்க கொண்டு போறாங்களாம், நியேவெஸ்?"

"கொதிகலன் அறைக்கு, டாக்டரம்மா. நல்லா காஞ்சிருக்கு, சுலபமா எரியும்னு கர்னல் சந்தோசப்பட்டாரு." தட்டச்சர் நியேவெஸ் அட்டவணையை நீட்டினாள். "அழாம கடைசி வரியப் படிங்க. இவரு வந்து பல்கலைக்கழக ஆட்சிக்குழுவக் கலைச்சாரே, அதுக்கு மொத நாள் உங்களுக்கு என்ன பட்டம் குடுத்தாங்க?"

"தகைசால் பேராசிரியர்னு ஒரு தாள் குடுத்தாங்க. அதுல ஒரு செடிய வச்சு அழுத்தியிருக்கேன்."

"மொதல்ல அந்தச் செடிய எடுங்க, தாயே!"

திங்கள் காலை கொடியேற்றம். சிப்பாய்கள் முதல் அலமாரியை முற்றத்தில் இறக்கி, அதன் இடத்தில் பூட்ஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மழைக்கோட்டும் சேற்றுக் காலணியுமாக ஒதிலியா வந்தார். இரண்டு கையாலும் செடி அழுத்தும் பலகையை அணைத்திருந்தார்; அதன்மேல் பட்டத் தாளும் அட்டவணையும்.

"கிழவிய வெளிய அனுப்புய்யா!" என்றார் கர்னல்.

சார்ஜென்ட் ஒயார்சூன் காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். அட்டவணையின் கீழே கர்னலின் கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தன. சார்ஜென்டின் குதிகால்கள் பட்டென்று சேர்ந்தன.

"உத்தரவு சொல்லுங்க, என் ஜெனரலே!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும், முப்பது வருடப் பழக்கத்தில் கர்னலின் கை தானாகத் தொப்பிக்குப் போய்விட்டது. முற்றமே பார்த்துவிட்டது. ஜன்னல்களில் மாணவர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கினார்கள். தன் கையெழுத்து செல்லாது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"அலமாரிய உள்ள வைங்கப்பா," என்றார் ஒதிலியா. "குலுக்காம. இதுக்கெல்லாம் அணிவகுப்புப் பழக்கமில்ல."

பெட்டிகள் வெளியே வந்தன. அலமாரி உள்ளே போனது. மேலதிகாரி பதில் சல்யூட் அடிக்காமல் கீழதிகாரி கையை இறக்கக்கூடாது என்பது ராணுவ விதி.

"கை வலிக்குதுங்க, மேடம்," என்று பல்லைக் கடித்தார் கர்னல்.

"எனக்குந்தான். பலகை கனம்," என்றார் ஒதிலியா. "எல்லாத்தையும் அடுக்கி முடிச்சதும் கீழ வச்சுடறேன்."

பலகையை இறக்காமல், பதினோராயிரம் தாள்களையும் அவர் ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே சரிபார்த்தார்.