ஐந்தாவது படியில் ஃபெலிக்ஸ் சார்

காக்ஸ் டவுனில் பியாட்ரிஸ் மிஸ் வீட்டு மரப்படிக்கட்டில், ஐந்தாவது படி ஏறும்போது யாரோ காலைப் பிடிக்கிறார்கள் என்று முதலில் என்னிடம் சொன்னது எல்லம்மா. அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிறவள். "அங்க தெவ்வ இருக்குது மேஸ்திரி. நான் பக்கெட்டை எடுத்துக்கினு மேல போமாட்டேன்" என்றாள். பேய் என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படிக்கட்டைச் செய்தவன் நான். நான் இழைத்த தேக்கில் பேய் வந்து குடியேறுமா?

அவளுக்குக் காட்டுவதற்காகவே விறுவிறுவென்று ஏறினேன். ஐந்தாவது படியில் கால் கட்டைவிரல் இடித்தது. கைப்பிடி மட்டும் கைக்கு அகப்படாமல் போயிருந்தால் மூக்கு உடைந்திருக்கும். முதுகில் சில்லென்று ஏதோ ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். கீழே எல்லம்மா சிரிக்கவில்லை. சிலுவை போடத் தெரியாதவள் நெற்றியிலும் தோளிலும் ஏதோ போட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பியாட்ரிஸ் மிஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். பேய் பிசாசு என்று பேசுகிற ஆள் இல்லை.

"அது அவர்தான், பாலகுமார்" என்றார் என்னிடம், வீட்டுக்காரர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்வதுபோல. "யார் போனாலும் நிறுத்தி ஒரு வார்த்தை விசாரிப்பாரு. அவர் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே."

ஃபெலிக்ஸ் சார் அவருடைய கணவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், பேப்பர் எடுக்க இறங்கி வந்தவர் அதே படிகளில் தவறி விழுந்தார். சுவரின் கல்முனையில் தலை பட்டது. பிரஷர் இருந்தது, தலைசுற்றல் வந்திருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கல்பள்ளி கல்லறைக்கு நானும் போனேன். நல்ல மனுஷன், வேலை நடந்த அத்தனை நாளும் தன் கையால் எனக்குக் காபி கொடுத்தவர் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

மிஸ் தினமும் மாடிக்குப் படுக்கப் போகும்போது அந்தப் படியில் நிற்பாராம். கால் இடித்ததும் நின்று, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மேலே போவாராம். மெல்போர்னில் இருக்கிற மகள், இங்கே வந்துவிடு என்று மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறாள். "அவரை இங்க விட்டுட்டு நான் எப்படிப் போறது, சொல்லுங்க" என்று என்னையே கேட்டார். நான் தலையாட்டினேன்.

என்னைக் கூப்பிட்டது படிக்கட்டுக்கு அடியில் புத்தக அலமாரி அடிக்க. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டிய வேலையில் டேப்பைத் தொட மாட்டேன், ஒரு நீளக் குச்சி போதும். இப்போதைய பையன்கள் லேசரை வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். எண்ணைப் பார்க்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், பிறகு மரத்தில் எழுத வேண்டும். மூன்று இடத்தில் ஏமாறலாம். குச்சியில் எண்ணே கிடையாது. பொருள் எங்கே தொடுகிறதோ அங்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஒவ்வொரு படிக்கும் நேர் கீழே குச்சியை நிறுத்தி, படி தொடும் இடத்தில் கத்தி முனையால் கோடு போட்டேன். ஏழெட்டுப் படி ஆனதும் குச்சியைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கோடுகள் சீராக இருந்தன, ஒரே ஓர் இடத்தைத் தவிர. மூன்றாவது கோட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அதிகம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

படிகளுக்குச் சம இடைவெளியில் கோடு போட மட்டும் அன்றைக்கு டேப்பை எடுத்திருந்தேன். என் டேப்பின் நுனிக் கொக்கி தேய்ந்து ஆடும். அதை நம்பாமல், ஒரு இஞ்ச் கோட்டை மரத்தின் விளிம்பில் வைத்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கூட்டிக்கொள்வது எங்கள் பழக்கம். ஒரு படிக்கு ஏழு இஞ்ச் உயரம் என்றால் முதல் கோடு எட்டில். அடுத்தது பதினாலுக்குப் பதினைந்து. அதற்கடுத்தது இருபத்தொன்றுக்கு இருபத்திரண்டு. நாலாவது படிக்கு நாலேழு இருபத்தெட்டு, ஒன்றைக் கூட்டினால் இருபத்தொன்பது. நான் கூட்டவில்லை. இருபத்தெட்டிலேயே கோடு போட்டிருக்கிறேன். நாலாவது படி ஒரு இஞ்ச் இறங்கிவிட்டது. அதிலிருந்து ஐந்தாவதுக்கு ஏழுக்குப் பதில் எட்டு. அதற்கு மேலே எல்லாம் சரி, மொத்த உயரமும் சரி. மேல்தளத்தோடு கச்சிதமாகப் பொருந்தியதால் நான் திரும்ப அளக்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

காலுக்குக் கண் கிடையாது. மூன்று படி ஒரே உயரத்தில் ஏறினால் மிச்சமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். ஏறுகிறவனுக்கு விரல் இடிக்கும். இறங்குகிறவன், படி இல்லாத இடத்தில் காலை ஊன்றுவான். ஃபெலிக்ஸ் சார் இறங்கி வந்தார்.

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குச்சியோடு முர்ஃபி டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் எந்தப் படி ஏறினாலும் எண்ணினேன். ஹலசூரு மெட்ரோ ஸ்டேஷனில் நாலாவது படியில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் திட்டினார். அந்தக் கோடு போட்ட நிமிஷத்தை நினைவுக்குக் கொண்டுவர என்னென்னவோ செய்து பார்த்தேன். சார் காபியோடு வந்து பேச்சுக் கொடுத்தாரா, போன் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனுஷனைக் கொன்ற நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

சத்தம் போடாமல் ஒரு பலகையை ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மிஸ் அன்று ஏறும்போது கால் இடிக்காது. தன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சார் போய்விட்டார் என்று நினைப்பார். ஒட்டாமல் விட்டாலோ, இன்னொரு நாள் மிஸ்ஸே விழுவார். சொல்லாமல் தப்பிக்க எனக்கு வழி இருக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் போய்க் குச்சியையும் டேப்பையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். ஒரு படிக்கு ஏழு இஞ்ச் என்பதையும், ஒன்றைக் கூட்டி அளக்கிற பழக்கத்தையும் சொன்னேன். மிஸ் குச்சியை எடுத்து, நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டே போனார். நாலாவதில் நகம் நின்றது. பரீட்சைப் பேப்பரில் தப்பு கண்டுபிடிக்கிற முகம்.

"ஒண்ணைக் கூட்டலை" என்றார்.

"ஆமா மிஸ்."

"இருபத்தொன்பது போடணும்."

"ஆமா."

குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்போ அது அவர் இல்லையா?"

"இல்ல மிஸ்."

"மூணு வருஷமா உங்க தப்போடயா பேசிட்டு இருந்தேன்?"

என்னை அடித்திருந்தால் தேவலை. அவர் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. "சரி பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க" என்றார்.

ஒரு இஞ்ச் கனத்துக்குத் தேக்குப் பலகையை இழைத்து நாலாவது படியின் மேல் ஒட்டினேன். டேப்பை எடுக்கவில்லை. ஐந்தாவது கோட்டுக்கும் ஆறாவதுக்கும் இருந்த இடைவெளியை ஒரு சின்னத் துண்டில் எடுத்து, அதை வைத்தே நாலாவது படிக்குக் கீழும் மேலும் சரிபார்த்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் வரவில்லை. இவ்வளவுதான் வேலை, அரை நாள்கூட ஆகவில்லை. அவ்வளவு நேரமும் மிஸ் நாற்காலியைப் படிக்கட்டின் அடியில் போட்டுக்கொண்டு என் கையையே பார்த்திருந்தார்.

நான் விலகியதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நாலாவது படி. ஐந்தாவது. மற்றப் படிகளைப் போலவே கால் அதன் மேல் போய் உட்கார்ந்தது. நின்றார். கீழே இறங்கித் திரும்ப ஏறினார். இன்னொரு முறை, காலை வேண்டுமென்றே தாழ்வாக இழுத்துக்கொண்டு ஏறினார். எதுவும் காலைப் பிடிக்கவில்லை. பிறகு ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்து, கையால் காலடியில் இருந்த அந்தப் பலகையைத் தடவினார்.

"எல்லம்மா" என்று கூப்பிட்டார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "சார் செத்துட்டாரு எல்லம்மா."

எல்லம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஏறமாட்டேன் என்று சொன்ன படியில் ஏறி, மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மிஸ் அழுதார். கல்பள்ளியில் நாங்கள் எல்லாரும் அழுதபோது கண் கலங்காமல் நின்றவர், வாய்விட்டு அழுதார்.

நான் பையைத் தூக்கினேன். "எங்க போறீங்க" என்றார் மிஸ், முகத்தைத் துடைக்காமலே. "இன்னைக்குத்தான் செத்திருக்காரு. உக்காருங்க."

கடைசிப் படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயில் சாய்கிற வரையில் மூன்று பேரும் அப்படியே இருந்தோம். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது நமக்கு வழக்கம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.