நார்த் என்றால் எந்தப் பக்கம்?

சிங்காநல்லூரில் நூல் மில் வைத்திருந்த சீனிவாசலுவின் மூத்த மருமகள் ரங்கம்மாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. ஐம்பத்தாறாம் வருஷம், பி.ஏ. படித்த கனகம் இளைய மருமகளாக வந்து சேர்ந்தாள்.

புது வீட்டுக்கு வரைபடம் வந்த அன்றுதான் வினை தொடங்கியது. மூலையில் திசை குறித்திருந்த இங்கிலீஷ் வார்த்தைகளைக் காட்டி, "இந்த வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் உண்டா கண்ணு?" என்று மாமனார் கனகத்தைக் கேட்டார்.

"உண்டுங்க மாமா. ஈஸ்ட்னா விடியல். வெஸ்ட்னா சாயங்காலம். சவுத்னா சூரியன் இருக்கற பக்கம். இங்கிலீஷ்காரங்க ஊர்ல வெயில் எப்பவும் தெக்கேதான் சாஞ்சு நிக்கும். நார்த்துக்குத்தான் உறுதியாத் தெரியல. சூரியன் உதிக்கறதைப் பாத்து நின்னா, இடது கைப் பக்கம்னு சிலர் சொல்றாங்க."

மாமனார் பூரித்துப்போனார். காபி கொண்டுவந்த ரங்கம்மாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டார். அவளுக்கு வயிறு எரிந்தது. நாலு வார்த்தைதானே என்று அடுப்படியில் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

ஒரு சாயங்காலம் சத்தியமங்கலத்திலிருந்து மாமனாரின் தங்கை வந்திருந்தார். பேச்சு புது வீட்டுப் பக்கம் திரும்பியதும், கனகம் வாய் திறப்பதற்குள் ரங்கம்மாள் முந்திக்கொண்டாள். மூன்று திசைகள் தடங்கலில்லாமல் வந்தன. "நார்த்னா இடது கைப் பக்கமுங்க, இதா!" என்று கையை நீட்டினாள். மேற்கு வாசல் வழியே மஞ்சள் வெயில் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கை தெற்கே நீண்டிருந்தது.

"அது தெக்காச்சே அம்மணி!" என்று சத்தியமங்கலத்து அத்தை சிரித்தார். மாமனாரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

"அக்கா சொன்னது சரிதானுங்க," என்றாள் கனகம். "காலையில கிழக்கே பாத்து நிக்கற கணக்குல சொன்னாங்க."

சிரிப்பைவிட அந்தப் பரிவுதான் ரங்கம்மாளைச் சுட்டது. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கனகமும் பின்னாலேயே வந்தாள்.

"நீ எதுக்கு இங்க? போயி மாமாவுக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லிக் குடு, போ."

கனகம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். "வார்த்தை மட்டுந்தானுங்கக்கா எங்கிட்டக் கேக்கறாரு. நேத்து நான் வெச்ச கொழம்பைத் தொட்டுக்கூடப் பாக்கல. பெரியவ வெச்சது இருந்தாக் கொண்டான்னு சொல்லிப்போட்டாரு."

ரங்கம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு குளிர்ந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. நன்றாகக் கேட்டதையே கேட்காததுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "என்ன சொன்னாரு?" என்றாள்.