ஒற்றைப் பூட்ஸுக்கு டோக்கன்

செம்மங்குப்பத்தில் பொன்னுரங்கத்தைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கடலூர்–சிதம்பரம் பெண்கள் கால்பந்து லீக்கின் செயலாளர் அவர். அதனால் மனைவி புஷ்பவள்ளிக்கே அவர் செயலாளர்தான். அவர் கால் பந்தில் பட்டுப் பார்த்தவர்கள் தெருவில் இல்லை. ஆனால் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்தும்போது தன் முகமும் போட்டோவில் விழ எந்தத் தோளில் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

இந்த வருஷம் அவர் கண் தலைவர் நாற்காலியின் மேல். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கனகசபேசன், உடம்பு முன்னே மாதிரி இல்லை என்று தலைவர் பதவியை விடுகிறார். அடுத்தவர் யார் என்பதை விருது விழா மேடையில் சொல்வதாகவும், பொன்னுரங்கம் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரட்டும் என்றும் ஜாடை காட்டியிருந்தார். அன்றைக்கே 'தலைவர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தாகிவிட்டது என்று தெருவில் பேச்சு. புஷ்பவள்ளி மறுத்தார். மறுத்த வேகத்தைப் பார்த்துத்தான் தெரு நம்பியது.

விழா ஜோராக இருக்க வேண்டுமென்று பொன்னுரங்கத்துக்குத் தங்க பூட்ஸ் யோசனை வந்தது. வெளிநாட்டு லீக்குகளில் அதிகக் கோல் போட்டவருக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்திருந்தார். அங்கே உலோகத்தில் வார்க்கிறார்கள். நம் செயலாளர் புதுச்சேரியில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி, வலது காலை மட்டும் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்து, லேஸ் முதற்கொண்டு தங்க நிறம் ஏற்றிவிட்டார்.

அதிகக் கோல் போட்டவள் அதே தெரு பிரிசில்லா. ஜெயராணி டீச்சரின் மகள், கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை. ஒவ்வொரு வருஷமும் அவள்தான் அதிகக் கோல் போடுவாள், லீக்கும் ஒவ்வொரு வருஷமும் எவர்சில்வர் குடம், ஹாட்பாக்ஸ், குத்துவிளக்கு என்று எதையாவது கொடுத்து அனுப்பும். டீச்சர் வீட்டு அடுக்களையில் பாதி கால்பந்தில் வந்தது என்று அக்கம்பக்கம் சிரிக்கும். பூட்ஸ் என்று காதில் விழுந்ததும் அவள் பட்டறைக்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாளாம்.

விழாவுக்குக் கனகசபேசன் பிடித்த இடம், சிதம்பரத்தில் கோயில் பக்கமாக ஒரு கல்யாண மண்டபம். மேடையை ஒட்டி அம்மன் சன்னதி இருப்பதால் உள்ளே காலணி கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மண்டப நிர்வாகி அகிலாண்டம் வாசலிலேயே நிற்பார். பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெல்வெட் தட்டில் பூட்ஸை ஏந்திக்கொண்டு நுழையப் பார்த்தார்.

"இது இன்னாங்க?"

"விருதும்மா."

"கால்ல போடறதா, கழுத்துல போடறதா?"

யாரும் போடப்போவதில்லை என்று செயலாளர் விளக்கினார். போட்டால் கால் உள்ளே போகுமா, போகாதா என்று அந்தம்மாள் கேட்டார். போகும். வினையே அதுதான். வார்த்திருந்தால் சிலை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இதுவோ பெயின்டைச் சுரண்டினால் அசல் பூட்ஸ்.

பொன்னுரங்கம் கனகசபேசனிடம் ஓடினார். அவருக்கோ உள்ளுக்குள் நிம்மதி. பூட்ஸைக் கையில் தூக்கி நிற்கும் தன் போட்டோ வாட்ஸ்அப்பில் எப்படியெல்லாம் சுற்றும் என்று காலையிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். அது வெளியிலேயே இருக்கட்டும், பெண்ணுக்குக் கடையிலிருந்து ஒரு பட்டுப்புடவை கொடுத்துவிடலாம் என்றார்.

ஆக, பூட்ஸ் செருப்பு ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் சின்னம்மாள் வாங்க மறுத்தார். ஜோடிக்குத்தான் டோக்கன்; ஒற்றையை வாங்கி வைத்தால், இன்னொரு கால் எங்கே என்று அப்புறம் யார் சண்டை போடுவது? கெஞ்சிக் கூத்தாடி, தன் செருப்போடு பூட்ஸையும் சேர்த்து ஒரே டோக்கனில் வைக்கச் செய்தார் செயலாளர். டோக்கன் என்று கொடுத்த தகர வில்லை அவர் சட்டைப் பைக்குள் போனது.

விழாவில் பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசினார்கள். கனகசபேசனின் அக்கா மகன் ராஜகணேஷ் மைக்கில் பிரிசில்லாவை அழைத்தான். தலைவர் புடவைத் தட்டை நீட்டினார். அவள் கும்பிட்டாள், தட்டைத் தொடவில்லை.

"பூட்ஸுன்னு சொன்னாங்களே சார், அது எங்க?"

வெளியே இருப்பதாக ராஜகணேஷ் சொன்னான்.

"அப்ப வெளியவே வாங்கிக்கறேன்," என்று அவள் இறங்கி நடந்தாள்.

அவள் டீம் எழுந்தது. எதிர் டீமும் எழுந்தது. பத்திரிகை போட்டோக்காரர்கள் புடவையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். கனகசபேசன் ஒன்றும் நடக்காதது மாதிரி, அடுத்த தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தொண்டையைச் செருமினார். பொன்னுரங்கம் காலரைச் சரிசெய்துகொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து பிரிசில்லாவின் குரல் வந்தது.

"மாமா, டோக்கன் இல்லாம தர மாட்டேங்கறாங்க."

டோக்கனைக் கொடுத்தால் தானே கொண்டுபோய்த் தருவதாக ராஜகணேஷ் கையை நீட்டினான். பொன்னுரங்கத்தின் கை சட்டைப் பை வரைக்கும் போய் நின்றது. கேமரா அத்தனையும் வெளியே. லீக்கின் முதல் தங்க பூட்ஸ், அவர் மண்டையில் உதித்தது, நாளைப் பேப்பரில் ராஜகணேஷ் மூஞ்சியோடு வருவதா? கனகசபேசனோ, அவர் அப்பா துணி மூட்டை சுமந்த கதையை முடிக்காமல் எந்த விஷயத்துக்கும் வந்ததில்லை. போய்விட்டு வர நேரம் தாராளமாக இருக்கிறது. செயலாளர் படியிறங்கினார்.

சின்னம்மாள் வில்லையை வாங்கிக்கொண்டு முதலில் அவர் செருப்பைத் தூக்கிப் போட்டார். "உங்களுத எடுத்துகினு நகருங்க, வழிய மறைக்காதீங்க." அவர் குனிந்து செருப்பை மாட்டினார். நிமிர்வதற்குள் சின்னம்மாளே பூட்ஸை எடுத்து பிரிசில்லாவின் கையில் கொடுத்துவிட்டார். பளிச் பளிச்சென்று வெளிச்சம். அந்தப் போட்டோவில் செயலாளருடைய முதுகு மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

தன் கையால் இன்னொரு தடவை கொடுத்தால் ஒரு நல்ல படம் கிடைக்குமே என்று பிரிசில்லாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"வாங்கிட்டேன் மாமா," என்றாள் அவள், பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

உள்ளே கைதட்டல் கேட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்த கனகசபேசன், வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் மூட்டையைத் தூக்காமல் நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறார். மேடையில் மிச்சமிருந்தவன் ராஜகணேஷ்தான்.

பொன்னுரங்கம் ஓடினார். அகிலாண்டம் கையை நீட்டி மறித்து, அவர் காலைக் காட்டினார். கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போவதற்குள் புதுத் தலைவர் நன்றி சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"நம்ம செயலாளர் இருக்கறவரைக்கும் எனக்கு இன்னா கவலை? எல்லா வேலையும் அவரே பாத்துக்குவாரு."

மண்டபத்தில் அப்போது இருந்த சொற்பப் பேரில் முதலில் கைதட்டியவர் பொன்னுரங்கம்தான்.