மூன்றாம் ஓலை

கல்யாணத்துக்கு முன்னால் நானும் பொன்னுதுரையும் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டது ஒரே ஒரு தடவைதான். எங்கள் நாசரேத்துக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் என்னை வாயாலேயே மென்று துப்பியிருப்பார்கள். பார்க்கவில்லை. கடைசியில் நானேதான் ஊரைக் கூட்டிச் சொன்னேன்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரைநாள் வேலை. பொன்னுதுரை நாசரேத்தில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணக் கோட்டுக்குத் துணி எடுக்க வந்த மனுஷர், துணிக்கடைக்குப் போகாமல் நேரே என் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "பசிக்கு, இன்பம்" என்றார். பசித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? ஆசையைப் பார்!

"ஜெயசிங் அண்ணாச்சி கடைக்குப் போவோம்" என்று சொன்னது நான்தான்.

ஜெயசிங் அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர். ரொம்ப வருஷம் கிரேக்கக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். புதுத் துறைமுகம் திறந்ததும் முத்தையாபுரம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்துவிட்டார். வெளிநாட்டு மாலுமிகளுக்கென்று ஆரம்பித்தது, பிறகு துறைமுகத்து ஆட்களும் வந்து மொய்த்தார்கள். வட்டப் பன்னை இரண்டாக அறுத்து, கொத்துக்கறியைத் தட்டிச் சுட்டு நடுவில் வைத்து, வெங்காயம் தக்காளியெல்லாம் அடுக்கிக் கையில் கொடுப்பார். பர்கர் என்று பெயர். பக்கத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே உப்பு. தூத்துக்குடியில் உப்புக்கு என்ன பஞ்சம், அள்ளித்தான் போடுவார்.

பொன்னுதுரைக்கு அதை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. மேல் பன்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கறியை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ வாத்தியாரே, வாயை நல்லாத் திறங்க" என்று நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக் கடித்துக் காட்டினேன். சாறு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு ருசியான ஒன்றை நான் அதற்கு முன்னால் தின்றதே இல்லை.

அப்புறம்தான் அண்ணாச்சி இரண்டு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

"நம்ம கைப்பக்குவத்துல போட்ட பீரு. பார்லி, கருப்பட்டி, ரொட்டிக்கடை ஈஸ்ட்டு, கசப்புக்கு வேப்பம்பூ. கிறிஸ்மஸுக்கு நம்ம வீடுகள்ல திராட்சை ரசம் போடுவோம்லா, அதுமாதிரிதான். சும்மா குடிங்க" என்றார்.

மதுவிலக்கு மறுபடி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எமர்ஜென்சி வேறு, போலீஸ் என்றாலே ஊர் நடுங்கும். ஆனால் நாசரேத்தில் எந்த வீட்டில் கிறிஸ்மஸுக்குப் பீங்கான் பரணியில் திராட்சை ஊறவில்லை? அதைக் குடி என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த நினைப்பில்தான் நானும் ஒரு வாய் குடித்தேன். கசந்தது, தொண்டை எரிந்தது. "சீ, இது யாருக்கு வேணும்" என்று டம்ளரைப் பொன்னுதுரை பக்கம் தள்ளினேன். அவர் தன்னுடையதையும் குடித்து, என்னுடையதையும் குடித்தார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவா" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

உரிப்பார்தான். அவர் அம்மா கிருபாபாய் எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி, மதுவிலக்குக் கூட்டமென்றால் மேடையேறி முழங்குகிறவர். தங்கை மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வாயில் வாடை அடித்தது என்று, நிச்சயத்தன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பி வெளியே அனுப்பிய பொம்பளை.

மறுநாள் ஞாயிறு, எங்களுக்கு மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று குருவானவர் கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். மூன்றாவதும் வாசித்துவிட்டால் பிறகு கல்யாணத்தை அசைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

என் அம்மா முன்னால் உள்ளே போய்விட்டாள். நான் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, மதிலோரம் ஜெயசிங் அண்ணாச்சி நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"தங்கச்சி, இங்கன வா."

"என்ன அண்ணாச்சி, கோயில் பக்கமெல்லாம் வாரிய? மழை வரப்போவுது."

"விளையாடாத. நேத்து நீ எவ்வளவு குடிச்ச?"

"ஒரு வாய். ஏன்?"

"மாப்பிள?"

"ரெண்டு டம்ளரும் அவிய வயித்துலதான்."

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

"துறைமுகத்துல சரக்குத் தூக்குத வின்ச் ஓட்டுதாம்லா தாணுலிங்கம், நேத்து உங்களுக்குப் பக்கத்து மேசைல இருந்தான். அவனும் இன்னொருத்தனும் தூத்துக்குடி ஆஸ்பத்திரில கிடக்கானுவ. கண்ணு தெரியலியாம்."

"உங்க பீரைக் குடிச்சா?"

"பீருல ஒண்ணும் இல்ல தாயி. போதை ஏறவே மாட்டேங்குன்னு வாரவன் எல்லாம் சொன்னான். ஒரு லாரிக்காரன் ஸ்பிரிட்டுன்னு ஒரு கேன் தந்தான். நேத்து ஊத்துனதுல கொஞ்சம் கலந்துட்டேன். அது வார்னிஷுக்கு உள்ளதாம், குடிக்கதுக்கு உள்ளது இல்லியாம். சீக்கிரம் கொண்டுபோனவனுக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரியுதாம். விடியக் கொண்டுபோன தாணுலிங்கத்துக்கு ஒண்ணுமே தெரியலியாம். நேரம் ஆக ஆகக் கண்ணு போயிரும்னு டாக்டர் சொல்லுதாராம். மாப்பிளையக் கூட்டிட்டு உடனே போ. ஆனா எம்பேரைச் சொல்லிராத தங்கச்சி, கடைக்குப் போலீஸ் வந்துட்டு."

"நீரு நல்லா இருப்பீரா?" என்று கத்தினேன். அவர் திருச்செந்தூர் பஸ் நிற்கிற பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார்.

முதலில் என் கண்ணைத்தான் சோதித்தேன், பொய் சொல்வானேன். கோயில் பலகையில் எழுதியிருந்ததை ஒரு கண்ணை மூடி வாசித்தேன், மற்றதை மூடி வாசித்தேன். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம்தான் உள்ளே ஓடினேன்.

ஆராதனை தொடங்கியிருந்தது. பொன்னுதுரை பாடகர் வரிசையில், பீடத்துக்குப் பக்கத்தில், படி மேலே நின்றிருந்தார். அங்கே ஒரு பெண்பிள்ளை எப்படிப் போவாள்? வழக்கமாக நான் வந்து உட்கார்ந்ததும் திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்ப்பார். அன்றைக்கும் பெண்கள் பக்கம் திரும்பினார். பார்வை என் தலைக்கு மேலே ஜன்னலுக்குப் போய் அங்கேயே நின்றது. நான் கைக்குட்டையை ஆட்டினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வெட்கமாக இருக்கும், அவர் அம்மா முன்வரிசையில் இருக்கிறார் அல்லவா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாட்டு தொடங்கியது. அவர் வாய் சரியாகத்தான் பாடியது. ஆனால் அதெல்லாம் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே மனப்பாடம். பக்கத்தில் நின்ற ஜேசுதாசன் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினான். வரிசையில் எல்லாரும் திருப்பினார்கள். பொன்னுதுரை மட்டும் திருப்பவில்லை. புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, எங்கேயோ பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

அம்மா காதருகே குனிந்தேன்.

"அம்மா, அவியளுக்குக் கண்ணு..." என்றேன்.

"கோயில்ல என்ன பேச்சு, சும்மா இரிளா" என்றாள் அம்மா.

ஆராதனை முடியட்டும், வாசலில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் குருவானவர் பிரசங்கம் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வரும். அதற்குள் அந்தக் கண் என்ன ஆகும்? இப்போதே சொன்னால்? ஓலை போகும், கல்யாணம் போகும், ஆம்பிளையோடு உட்கார்ந்து குடித்தவள் என்ற பெயர் சாகும்வரை என்னை விடாது. இயேசுவே, நீரே ஏதாவது செய்யும் என்று முனகினேன். அவர் குருவானவரை ஓலையை எடுக்க வைத்தார்.

"பொன்னுதுரைக்கும் இன்பமணிக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது. இவர்கள் சேரக்கூடாதபடி நியாயமான தடை எதையாவது அறிந்தவர்கள் இந்தச் சபையில் உண்டானால், எழுந்து சொல்லவேண்டும். இது மூன்றாம் முறை."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். யாரும் எழ மாட்டார்கள், அது ஒரு வழக்கம். நான் எழுந்தேன்.

கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்பமணி, உட்காரும்மா" என்றார் குருவானவர்.

"உக்கார மாட்டேன்யா. தடை ஒண்ணும் இல்ல. அவியளுக்குக் கண்ணு போயிட்டு இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நேத்துத் தூத்துக்குடில ஒரு கடைல அவியளும் நானும் பீரு குடிச்சோம். அதுல விஷம்."

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். கிருபாபாய் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஏளா, கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. எம்மவன் மேல பழி போடாத. அவன் அதைக் கையால தொட மாட்டான்" என்றவர், மகனைப் பார்த்து, "ஏலே, நீயே இங்க வந்து சொல்லு. குடிச்சியா?" என்று கேட்டார்.

பொன்னுதுரை புத்தகத்தை வைத்துவிட்டு அம்மா குரல் வந்த பக்கம் நடந்தார். படி இருந்த இடத்தில் கால் வைக்காமல் காற்றில் வைத்தார். குப்புற விழப்போனவரை ஜேசுதாசன் பிடித்தான். அவர் கை அந்தரத்தில் எதையோ தேடியது. அதைப் பார்த்ததும் கிருபாபாய்க்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

"ராசா, அம்மாவைத் தெரியுதா?"

"வெள்ளையா இருக்கும்மா. எல்லாம் வெள்ளையா இருக்கு" என்றார் அவர்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஜீவமணி அம்மா அவர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எப்போதிருந்து என்று கேட்டார்.

"காலைல எந்திரிச்சதுல இருந்தே மங்கலாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?" என்று கத்தினேன்.

"ஓலை முடியட்டும்னு இருந்தேன். குடிச்சது தெரிஞ்சாலும் அப்புறம் அம்மாவால நிறுத்த முடியாதுலா" என்றார் அந்தப் புத்திசாலி. எனக்காகக் கண்ணைக் கொடுக்கத் துணிந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

வராந்தாவில் கிருபாபாய் என்னிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "அவனுக்குக் கண்ணு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, நீ என் வீட்டுப் படி ஏறாத."

அப்போது எனக்குப் படியும் வேண்டாம், வீடும் வேண்டாம். அந்தக் கண் வந்தால் போதும் என்று இருந்தேன்.

டாக்டரம்மா நரம்பில் மருந்து ஏற்றினார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"இந்த விஷத்தை மறிக்கிறதுக்கு நல்ல பிராந்திதான் மருந்து. ஆஸ்பத்திரி உபயோகத்துக்குன்னு வச்சிருக்கது. நான் சொல்ற அளவுல விடாமக் குடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

நர்ஸ் டம்ளரை நீட்டினாள். பொன்னுதுரை பல்லை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. "அம்மா இங்கதான நிக்கா" என்று முனகினார். கண் போகிற நேரத்திலும் அம்மா பயம்!

கிருபாபாய் வேதப் புத்தகத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தார். டம்ளரை வாங்கினார். வாடைக்கு அவர் முகம் கோணியது.

"குடிலே" என்றார்.

"அம்மா..."

"நான் சொல்லுதேம்லா. சொட்டு மிச்சம் வைக்காமக் குடி, ராசா."

டம்ளர் மகன் பல்லில் கடகடவென்று அடித்தது. கிருபாபாயின் கண்ணீர் பிராந்திக்குள்ளேயே விழுந்தது. அன்று முழுக்க ஒவ்வொரு தடவையும் அவரே ஊற்றிக் கொடுத்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் தூத்துக்குடி பஸ்ஸில் வந்தவர்கள், தாணுலிங்கத்துக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது, இனி வராது என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் வடிந்துவிட்டது. டாக்டரம்மா உள்ளே வருவதைப் பார்த்ததும், வராதீர்கள், சோதிக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றியது.

அவர் விரலை நீட்டினார். "எத்தனை?"

பொன்னுதுரை கண்ணைச் சுருக்கினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு" என்றார்.

டாக்டரம்மா இரண்டுதான் நீட்டியிருந்தார்.

"இல்ல, ரெண்டு. மூணாவதை மடக்கி வச்சிருக்கிய. மோதிரம் தெரியுது."

டாக்டரம்மா அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "கண்ணு தப்பிச்சிடுச்சு. இனிமே கண்ணாடி போட வேண்டியிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

பொன்னுதுரை என் பக்கம் திரும்பினார். உள்ளே போன பிராந்தியில் நாக்குக் குழறியது, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னளா இன்பம், ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா ஓலை முடிஞ்சிருக்கும்லா?"

விட்டேன் ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலிருந்து நான் சுமந்த பயமெல்லாம் அந்தக் கைக்குள் இருந்தது. மருந்து தொங்கிய கம்பி ஆடியது. நர்ஸ் "ஐயோ" என்றாள். அறைந்த பிறகுதான் அவர் அம்மா நிற்பது எனக்கு உறைத்தது.

கிருபாபாய் என்னைப் பார்த்தார். மகன் கன்னத்தைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை ஸ்டூலில் வைத்தார்.

"இன்னொண்ணு போடுளா" என்றார். "அது என் பங்குக்கு."