நாலாவது கேள்வி

சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் தும்மினால்கூடக் காவலர் முறைப்பார். கைப்பை, போன், தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. கீழே, எதிர்க்கட்சி வரிசையின் கடைசி பெஞ்சில் தம்பியின் வழுக்கை மின்னியது. அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தலையைத் தோளில் சாய்த்து வளர்த்தவள் அவள்தான். கட்சியில் அவன் உப்புக்குச் சப்பாணி என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இன்றைக்கு அவனைத்தான் மலைபோல நம்பி வந்திருந்தாள்.

எல்லாம் ஒரே ஒரு வார்த்தைக்காக. அவள் கணவர் அரசு மருத்துவமனையில் லிஃப்ட் ஆபரேட்டர். போன வருடம் கம்பி அறுந்து லிஃப்ட் விழுந்தது, அவரும் அதோடு போனார். கம்பியை மாற்றுங்கள் என்று அவர் கத்தாத நாளில்லை. விசாரணை அறிக்கையில் கம்பியைப் பற்றி மூச்சே இல்லை. 'பணி நேரத்தில் ஆபரேட்டர் குடிபோதையில் இருந்தார்' என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து சாட்சியா சொல்லப் போகிறான்? இருமல் மருந்தையே மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிற மனுஷனுக்கு இந்தப் பட்டம். அக்கம்பக்கத்தில், "அரசல் புரசலா நாங்களும் கேள்விப்பட்டோம்" என்று பேச ஆரம்பித்தார்கள்.

அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "எழுதினது எழுதினதுதாம்மா. அமைச்சர் சொன்னாத்தான் மாத்த முடியும்" என்றார்கள். கடைசியில் தம்பிதான் கேள்வியாக எழுதிக் கொடுத்தான்: 'அவர் குடித்திருந்தார் என்பதற்கு ஆதாரம் என்ன?' அது தள்ளித் தள்ளிப் போய் இன்றைக்குத்தான் சபைக்கு வந்திருக்கிறது. நாலாவது கேள்வி.

"நீ வந்து உக்காந்து பாருக்கா. தப்புதான்னு அந்த அமைச்சர் வாயாலயே சொல்ல வைக்கிறேன்" என்று காலையில் வாக்குக் கொடுத்திருந்தான்.

முதல் கேள்வி குப்பை லாரிகளைப் பற்றியது. அரசின் பரிசீலனையில் உள்ளது என்றார் ஓர் அமைச்சர். இரண்டாவதும் பரிசீலனையில்தான் இருந்தது. மூன்றாவது, ஒரு பாலத்தைப் பற்றியது. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து துணைக்கேள்வி கேட்டார். பாவம், நாக்குப் புரண்டு பாலத்தை அணை என்றுவிட்டார்.

ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல!"

அவ்வளவுதான், எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்து நின்றது. தம்பியை அப்படியொரு ஆவேசத்தில் அக்கா பார்த்ததே இல்லை. அவள் கணவரின் உடலுக்கு முன்னால்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றவன், இப்போது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

"யாரப் பாத்து என்ன வார்த்த சொல்ற? ஒரு மனுஷனக் குடிகாரன்னு சொல்றியே, ஆதாரம் இருக்கா உங்கிட்ட? மன்னிப்புக் கேளுய்யா!"

கேள்வி அவளுடையதுதான். ஆள்தான் வேறு.

சபாநாயகர் மணியை அடித்தார். "அந்த வார்த்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமா இது, என்று அவள் குனிந்து பார்த்தாள். ஒரு வருடமாகத் தேய்ந்த செருப்பு காலடியில் கிடந்தது.

தலைவருக்கு அது போதவில்லை. துண்டை உதறிக்கொண்டு வெளிநடப்பு என்றார். எல்லோரும் கிளம்பினார்கள். தம்பி ஒரு நொடி தயங்கினான், மாடத்தை நிமிர்ந்து பார்த்தான். கட்சிக் கொறடா ஒரு பார்வை பார்த்தார். அடுத்த தேர்தலுக்கு சீட் வேண்டுமே! யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, சொந்தக் காலால்தான் நடந்து போனான்.

"கேள்வி எண் நாலு" என்ற சபாநாயகர் காலி பெஞ்சைப் பார்த்தார். "உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்த கேள்வி."

பதில் சொல்லப் பாதி எழுந்திருந்த மருத்துவத் துறை அமைச்சர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா எழுந்தாள். "ஐயா, என் வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்லீங்க! அவருக்கும் அந்த வார்த்தைய எடுத்துடச் சொல்லுங்கய்யா!"

கீழே யாரோ சிரித்தார்கள். பெண் காவலர்கள் இருவர் அவள் கைகளைப் பிடித்தார்கள். "மாடத்திலிருந்து பேசியது எதுவும் பதிவாகாது" என்று சபாநாயகர் சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

வெளியே தாழ்வாரத்தில் கேமராக்களுக்கு முன்னால் தலைவர் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். விஷயம் அதற்குள் தம்பியின் காதுக்குப் போயிருந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"என்னக்கா நீ, உள்ள கத்திக் கலாட்டா பண்ணியாமே? தலைவர் காதுக்குப் போனா என்ன நினைப்பாரு? அடுத்த கூட்டத்துல கண்டிப்பா கேட்டுடறேன், போதுமா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்க தலைவர் குடிப்பாராடா?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெனமும் உண்டுக்கா. ஊருக்கே தெரிஞ்சதுதானே. அதுக்காக சபைல வச்சு அப்படிச் சொல்லலாமா? மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"